பேரம் முடிப்பதும் பத்தாண்டு காத்திருப்பதும்

பட்டயக் கணக்காளர் தேர்விலும் மேலாண்மைக் கல்வியிலும் முன்வரிசையில் தேறிய இளைஞர்களுக்கு, மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் இடம் கிடைப்பதே ஒருகாலத்தில் பெருங்கனவாக இருந்தது. இப்போது அந்த வங்கிகளில் மூன்று, நான்கு ஆண்டுகள் உழைத்தவர்கள் பெங்களூருவிலுள்ள துணிகர முதலீட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டுகிறார்கள். நான் ஒன்பது ஆண்டுகள் முதலீட்டு வங்கியில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். ஆதலால் வாரத்துக்கு ஒருவரேனும் என்னிடம் வழி கேட்கிறார். 'எப்படி நுழைவது' என்பதே பெரும்பாலோரின் கேள்வி. உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இது சில நூறு இளைஞர்களின் வேலைமாற்றம் பற்றிய செய்தி மட்டுமன்று. எந்தப் புதிய தொழிலுக்குப் பணம் கிடைக்க வேண்டும், எதற்குக் கிடைக்கக் கூடாது என்பதை முடிவு செய்யும் நாற்காலிகளில் இவர்கள்தாம் அமரப்போகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பொதுப்பணம். 2016இல் மத்திய அரசு ரூ.10,000 கோடியில் தொடங்கிய புத்தொழில் நிதியம், சிட்பி வழியாகச் செயல்படுகிறது. அது எந்தப் புத்தொழில் நிறுவனத்துக்கும் நேரடியாகப் பணம் தருவதில்லை. செபியில் பதிவு பெற்ற மாற்று முதலீட்டு நிதியங்களுக்குத் தருகிறது. நிதியங்களே நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மேலும் ரூ.10,000 கோடி அறிவிக்கப்பட்டது. ஆகவே தேர்ந்தெடுப்பவர் எந்தப் பள்ளியில் பயின்றவர், எந்தக் கண்ணாடி வழியாக ஒரு தொழிலைப் பார்க்கிறவர் என்பது நமக்கும் உரிய கேள்விதான்.

முதலில் முதலீட்டு வங்கி. வங்கி என்ற பெயர் இருந்தாலும் அங்கே சேமிப்புக் கணக்கும் கிடையாது, நகைக்கடனும் கிடையாது. ஒரு நிறுவனம் பொதுப் பங்கு வெளியிட வேண்டுமா, இன்னொரு நிறுவனத்தை வாங்க வேண்டுமா, தன்னையே விற்க வேண்டுமா, அந்தப் பேரத்தை நடத்தித் தருவதே அதன் தொழில். செபியின் விதிகளில் இதற்கு 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்று பெயர். அதற்கான ஒழுங்குமுறை 1992இல் வந்தது. பங்கு வெளியீட்டுக்கான வரைவு ஆவணத்தைத் தயாரிப்பது, நிறுவனத்தின் கணக்குகளையும் வழக்குகளையும் ஒப்பந்தங்களையும் துருவிப் பார்ப்பது, விலையைக் கணிப்பது, வாங்குவோரைத் திரட்டுவது எல்லாம் இதில் அடங்கும். பேரம் முடிந்தால் தொகையில் ஒரு விழுக்காடு கட்டணம். முடியாவிட்டால் பெரும்பாலும் ஒன்றுமில்லை அல்லது பெயரளவுக்கு ஏதோ. இந்தக் கடைசி வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலீட்டு வங்கியாளரின் குணம், பழக்கம், அவசரம், உறக்கமின்மை அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன.

துணிகர முதலீட்டாளர் விற்பதில்லை, வாங்குகிறார். அதுவும் தம் பணத்தால் அன்று. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், செல்வந்தக் குடும்பங்கள் ஆகியோரிடம் பணம் திரட்டி, இளம் நிறுவனங்களின் சிறுபான்மைப் பங்குகளை வாங்கி, ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்து, அவை வளர்ந்தபின் விற்று, லாபத்தைப் பணம் தந்தவர்களுக்குத் திருப்பித் தருகிறார். இந்தியாவில் இதற்கான சட்டகம் செபியின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதிய ஒழுங்குமுறை. ஒரு முதலீட்டாளர் பொதுவாகக் குறைந்தது ரூ.1 கோடி போட வேண்டும். நிதியத்தை நிறுவுபவர்களும் மொத்தத் தொகையில் 2.5 விழுக்காடு அல்லது ரூ.5 கோடி, இவற்றுள் எது குறைவோ அதைத் தம் பங்காகப் போட்டுவைத்திருக்க வேண்டும். பிறர் பணத்தைக் கையாள்பவரின் கையும் சற்றுச் சுட வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

இவ்விரு தொழில்களுக்கும் இடையிலான பாதை புதிதன்று. சொல்லப்போனால், கலிஃபோர்னியாவில் இந்தத் தொழிலுக்கு உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவரே ஒரு முதலீட்டு வங்கியாளர்தாம். 1957இல் ஷாக்லி நிறுவனத்திலிருந்து வெளியேற விரும்பிய எட்டு விஞ்ஞானிகள், தங்களைக் கூட்டாக வேலைக்கு எடுத்துக்கொள்ள யாரேனும் முன்வருவார்களா என்று நியூயார்க்கின் ஹேடன் ஸ்டோன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே பணியாற்றிய ஆர்தர் ராக், வேலை தேட வேண்டாம், தனி நிறுவனமே தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்த பிறகு, ஷெர்மன் ஃபேர்சைல்டு ஏறத்தாழ 13.8 லட்சம் டாலர் தர இசைந்தார். ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் பிறந்த கதை இது. அந்தக் கட்டத்தில் ராக் செய்தது முற்றிலும் வங்கியாளரின் வேலை: பணம் வேண்டியவரையும் பணம் உள்ளவரையும் சேர்த்துவைத்தார். ஆனால் 1961இல் அவர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, டாமி டேவிஸுடன் சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் தமக்கென ஒரு முதலீட்டுக் கூட்டாண்மையைத் தொடங்கினார். 1968இல் இன்டெல் தொடங்க 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்து அதன் முதல் தலைவராகவும் அமர்ந்தார். வணிகத் திட்ட அறிக்கையில் கணிப்பு எண்களைவிட நிறுவனர்களின் பின்புலக் குறிப்புக்கே தாம் அதிக மதிப்பளித்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். எண்களால் பிழைத்த ஒரு மனிதர் ஆட்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

எண்கள் ஏன் கைகொடுப்பதில்லை? முதலீட்டு வங்கியில் ஒரு நிறுவனத்தை மதிப்பிட இரண்டு வழிகள் பழக்கம். வருங்கால வருவாயைக் கணித்து இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காண்பது ஒன்று. அதே துறையில் உள்ள பிற நிறுவனங்களோடு ஒப்பிடுவது இன்னொன்று. இரண்டுக்குமே வரலாறு வேண்டும். மூன்று பேரும் ஒரு முன்மாதிரியும் மட்டுமே உள்ள நிறுவனத்துக்கு ஏது வரலாறு? இந்த முரணை நம் வருமான வரிச் சட்டமே ஒரு பத்தாண்டுக்கு மேல் மேடையேற்றிக் காட்டியது. 2012இல் வந்த 'ஏஞ்சல் வரி', ஒரு தனியார் நிறுவனம் நியாய மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றால் அந்தக் கூடுதல் தொகையை வருமானமாகக் கருதியது. அந்த நியாய மதிப்பை வருங்கால வருவாய்க் கணிப்பின் மூலம் சான்றளிக்க மெர்ச்சன்ட் பேங்கரின் அறிக்கை தேவைப்பட்டது. வருவாயே இல்லாத நிறுவனத்துக்கு ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு! பிறகு கணித்தபடி நடக்கவில்லையே என்று வரி அதிகாரி கேள்வி எழுப்புவார். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் இந்த வரி நீக்கப்பட்டபோது, வங்கித் தொழிலில் இருந்த என் பழைய நண்பர்கள் பலர் நிறுவனர்களுக்கு நிகராக நிம்மதி அடைந்தார்கள்.

இனி, வங்கியிலிருந்து வருபவர்களுக்குப் பெரும் அதிர்ச்சி தரும் கணக்கு ஒன்று. ரூ.500 கோடி நிதியம் ஒன்றைக் கற்பனை செய்வோம். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 2 விழுக்காடு என்றால் பத்தாண்டில் ரூ.100 கோடி போய்விடும். மீதம் ரூ.400 கோடி, 25 நிறுவனங்களில் தலா ரூ.16 கோடி. பணம் தந்தவர்கள் மூன்று மடங்கு, அதாவது ரூ.1,500 கோடி எதிர்பார்க்கிறார்கள். தொடக்கத்தில் வாங்கிய 20 விழுக்காடு பங்கு, அடுத்தடுத்த சுற்றுகளில் கரைந்து இறுதியில் 10 விழுக்காடாக நிற்கும் என்று கொள்வோம். அப்படியானால் அந்த 25 நிறுவனங்களும் சேர்ந்து ரூ.15,000 கோடி மதிப்பை எட்ட வேண்டும். இவற்றில் பாதி மூடப்படும் அல்லது முடங்கும் என்பது இத்தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்டே இறங்குகிற எதார்த்தம். எனவே ஓரிரு நிறுவனங்கள் பல ஆயிரம் கோடி மதிப்புக்குப் போனால்தான் கணக்கு நேராகும்.

இதன் விளைவு என்ன? ஒழுங்காக நடந்து, லாபம் ஈட்டி, பத்தாண்டில் ரூ.300 கோடி மதிப்பை எட்டக்கூடிய அருமையான நிறுவனம் ஒன்று வருகிறது. நிதியத்தின் பங்கு ரூ.30 கோடியாகும், போட்ட பணம் ஏறத்தாழ இரட்டிப்பு. வங்கியில் வளர்ந்த மனம் 'இதில் ஆபத்து குறைவு, வாங்கு' என்கிறது. ஆனால் அந்த ரூ.30 கோடி, 500 கோடி நிதியத்தில் வெறும் 6 விழுக்காடு. அதை நிராகரிக்க வேண்டியிருக்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் சிறப்பாகத் தொழில் நடத்தும் குடும்பங்கள் துணிகர முதலீட்டாளரிடம் போய்ப் பணம் கிடைக்காமல் திரும்பும்போது, தங்கள் தொழிலில் ஏதோ குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். குறை தொழிலில் இல்லை. இந்தப் பணத்தின் இயல்பு அப்படி. அவர்களுக்கு உகந்தது வங்கிக் கடனும் சொந்த லாபமும்தான். ஜோஹோ வெளி முதலீட்டாளர் எவரிடமும் பணம் வாங்காமலே வளர்ந்தது. அதே சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், அடுத்த ஆண்டே ஆக்செல் நிதியத்திடம் முதலீடு பெற்று, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. இரண்டும் நேர்வழிகளே. எந்த நிறுவனத்துக்கு எந்த வழி என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது துணிகர முதலீட்டாளரின் கடமைகளுள் ஒன்று என்பது என் கருத்து. 'இல்லை' என்று சொல்லாமல் ஆறு மாதம் இழுத்தடிக்கும் வழக்கம் இத்தொழிலில் மலிந்திருக்கிறது. நிறுவனருக்கு அந்த ஆறு மாதம் என்பது ஆறு மாதச் சம்பளப் பட்டுவாடா.

வங்கியிலிருந்து கொண்டுவரத்தக்கவை உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்யடக்கம். ஆவணத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் பழக்கம் அவற்றுள் தலையாயது. துணிகர முதலீடு பெரும்பாலும் கட்டாயம் மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்குகளாகவே செய்யப்படுகிறது. அதன் நுணுக்கம் ஓர் எடுத்துக்காட்டில் புரியும். ரூ.16 கோடி போட்டு 20 விழுக்காடு பங்கு வாங்கிய நிறுவனம், எதிர்பார்த்தபடி வளராமல் ரூ.40 கோடிக்கு விற்கப்படுகிறது. வெறும் பங்கு விகிதப்படி முதலீட்டாளருக்கு ரூ.8 கோடிதான். ஆனால் ஒப்பந்தத்தில் 'போட்ட தொகை முதலில்' என்ற முன்னுரிமை இருந்தால் அவர் ரூ.16 கோடியை எடுத்துக்கொள்வார்; நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் மீதி ரூ.24 கோடி. அதற்கு மேலும் மிச்சத்தில் பங்கு கேட்கும் ஷரத்துகள் உண்டு. இத்தகைய ஷரத்துகளை நிறுவனருக்கு விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குபவரும் உண்டு, சொல்லாமல் வாங்குபவரும் உண்டு. வங்கியிலிருந்து வருபவருக்கு இவை முதல் நாளே தெரியும். அந்த அறிவை எந்தப் பக்கம் பயன்படுத்துகிறார் என்பது அவரவர் மனசாட்சி.

மறக்க வேண்டியவையும் உண்டு. வங்கியாளருக்குப் பேரம் முடிந்த நாளோடு உறவு முடிகிறது. 2021 நவம்பரில் பேடிஎம் ரூ.2,150 விலையில் பங்கு வெளியிட்டு, பட்டியலான முதல் நாளிலேயே ஏறத்தாழ 27 விழுக்காடு சரிந்தது. பங்கு வெளியீட்டை நடத்திய வங்கிகளின் முக்கியப் பணி அன்றோடு நிறைவடைந்தது. வாங்கியவர்களின் பாடு அன்றுதான் தொடங்கியது. துணிகர முதலீட்டாளர் வாங்கியவர். இயக்குநர் குழுவில் இடம் பெற்றவர். பைஜூஸ் நிறுவனம் 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பில் இருந்தது. 2023 ஜூனில் அதன் தணிக்கையாளர் விலகினார். முதலீட்டாளர் தரப்பு இயக்குநர்கள் மூவரும் விலகினார்கள். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. பணம் போட்டபின் கேட்க வேண்டிய கேள்விகள், பணம் போடும் முன் கேட்பவற்றைவிடக் கடினமானவை என்பதை இந்தியத் துணிகர முதலீட்டுத் துறை அந்த ஆண்டுகளில்தான் உணர்ந்தது. பேரம் முடிப்பதில் தேர்ந்தவர்களுக்கு, முடிந்த பேரத்தோடு வாழும் பயிற்சி இருப்பதில்லை. மாதாந்தரக் கணக்கு தாமதமாக வருகிறதே என்று ஒரு நிறுவனரிடம், உறவு கெடாமல், ஆனால் விடாமல் கேட்கும் கலையை எந்த வங்கியும் கற்றுத்தருவதில்லை.

எந்தக் கட்டத்தில் முதலீடு செய்யும் நிதியத்தில் சேர்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மோர்கன் ஸ்டான்லியில் இணைய நிறுவனங்களை ஆய்வு செய்து புகழ்பெற்ற மேரி மீக்கர் 2010 இறுதியில் கிளைனர் பெர்கின்ஸுக்கு மாறினார். ஆனால் அவர் பொறுப்பேற்றது, ஓரளவு வளர்ந்துவிட்ட நிறுவனங்களில் முதலீடு செய்யும் பிரிவுக்கு. அங்கே வருவாய் உண்டு, ஒப்பிடவும் கணிக்கவும் ஏதேனும் உண்டு. பழைய கருவிகள் செல்லுபடியாகும். விதைநிலை முதலீட்டில் அவை ஏறக்குறையப் பயனற்றவை. அங்கே ஒரு தொழிலைத் தாமே நடத்திப் பார்த்தவர்கள், மென்பொருள் எழுதியவர்கள், பொருளை விற்றவர்கள் முந்திக்கொள்கிறார்கள். வங்கியிலிருந்து வரும் பலர் விதைநிலையின் கவர்ச்சியில் மயங்கி அங்கேயே முட்டிமோதுகிறார்கள். வளர்நிலை நிதியத்தில் நான்கைந்து ஆண்டுகள் இருந்துவிட்டுப் பின்னோக்கி வருவது எளிது என்றுதான் நான் அவர்களிடம் சொல்கிறேன்.

சம்பளம் பற்றிப் பேசாமல் இது நிறைவடையாது. கேட்பவர்கள் கூச்சத்தால் கடைசியில் கேட்கும் கேள்வியும் அதுவே. வங்கியில் ஆண்டுதோறும் போனஸ். துணிகர முதலீட்டில் லாபப்பங்கு. வழக்கமாக லாபத்தில் 20 விழுக்காடு. அதுவும் முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு போன்ற குறைந்தபட்ச வருவாய் கிடைத்த பிறகே. மேற்சொன்ன 500 கோடி நிதியம் 1,500 கோடியாகத் திரும்பினால் லாபம் ரூ.1,000 கோடி, அதில் நிதிய மேலாளர்களின் பங்கு ரூ.200 கோடி. பெருந்தொகைதான். ஆனால் அதில் மூத்த பங்குதாரர்கள் எடுத்துக்கொண்டதுபோக, இளநிலையில் சேர்ந்தவருக்கு அரை விழுக்காடு ஒதுக்கியிருந்தால் அவருக்குக் கிடைப்பது ரூ.1 கோடி. அதுவும் எட்டாவது, பத்தாவது ஆண்டில்; இடையில் விலகாமல் இருந்தால்; நிதியம் மும்மடங்கு ஆனால். பல நிதியங்கள் அந்த இலக்கை எட்டுவதே இல்லை. நான் மாறியபோது என் ஆண்டு வருமானம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வீட்டுக் கடன் தவணை அப்படியே இருந்தது. கல்விக் கடனோடு, ஊரில் பெற்றோரைத் தாங்கும் பொறுப்போடு இருக்கும் ஓர் இளைஞர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் வேலையை விட்டுவிடக் கூடாது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளே இத்தொழிலில் அதிகம் தெரிவதற்கு இந்தக் காத்திருப்புக் காலமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதன் விலையை, அவர்களுக்குப் பரிச்சயமில்லாத ஊர்களிலிருந்தும் மொழிகளிலிருந்தும் வரும் நிறுவனர்கள் கொடுக்கிறார்கள்.

இதற்கிடையே மூன்றாவது பாதையும் இருக்கிறது. கோட்டக் மஹிந்திராவின் முதலீட்டு வங்கிப் பிரிவில் நிர்வாக இயக்குநராக இருந்த ஃபால்குனி நாயர், 2012இல் முதலீட்டாளராகாமல் நிறுவனராக மாறி நைகாவைத் தொடங்கினார். 2021இல் அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிறர் தொழிலுக்குப் பங்கு வெளியீடு நடத்தித் தந்தவர், தம் தொழிலுக்கே அதைச் செய்தார். துணிகர முதலீட்டின்மேல் ஆசைப்படும் சிலரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, இவருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நுழைவது எப்படி என்ற கேள்விக்கும் சில வரிகள். துணிகர நிதியங்கள் சிறியவை. பலவற்றில் முதலீட்டுக் குழுவே ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துவிடலாம். ஆகவே காலியிடங்கள் விளம்பரமாக வருவது அரிது. வங்கியில் இருக்கும்போதே ஒரு துறையை, அது குளிர்பதனக் கிடங்காகட்டும், மருத்துவக் கருவியாகட்டும், மற்றவர்களைவிட ஆழமாக அறிந்துகொள்வதே நல்ல தொடக்கம். எங்கள் நிறுவனத்தில் விண்ணப்பிப்பவரிடம் எக்செல் கோப்பு கேட்பதில்லை. ஏதேனும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து, அதில் ஏன் முதலீடு செய்ய வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதச் சொல்கிறோம். பிறகு, அதே நிறுவனத்தில் ஏன் முதலீடு செய்யக் கூடாது என்று இன்னொரு நான்கு பக்கம். வங்கியிலிருந்து வருபவர்கள் முதல் கட்டுரையைப் பளபளப்பாக எழுதிவிடுகிறார்கள். பேரத்தை விற்றே பழகிய கை அது. இரண்டாவது கட்டுரைக்குப் பெரும்பாலோர் கூடுதல் அவகாசம் கேட்கிறார்கள். கேட்கும் அவகாசத்தை நாங்கள் தாராளமாகவே கொடுக்கிறோம்.